2027 ஏ5 பிளானர்: நாமே வடிவமைத்து, அச்சடித்து, கோர்ப்பது எப்படி?

வாரத்தாள்:
2027க்கு ஏ5 அளவில் தமிழ் பிளானர் ஒன்றைச் சொந்தமாகச் செய்ய வேணும். மாதத்துக்கு இரண்டு பக்கம், கிழமைக்கு இரண்டு பக்கம். வீட்டில் இருப்பது ஒரு பக்கம் மட்டும் அடிக்கும் இங்க் டாங்க் பிரிண்டர். வெள்ளவத்தையில் காலி வீதிப் பக்கம் கொமியூனிகேஷன் கடையில் (போட்டோகொப்பி, அச்சு எடுக்கும் கடை) லேசர் அச்சும் எடுக்கலாம். மொத்தம் எத்தனை பக்கம் வரும்? கோர்ப்பதற்கு ரிங் பைலா, வயர் பைண்டிங்கா? எந்த ஜிஎஸ்எம் (சதுர மீற்றருக்கு எத்தனை கிராம் என்ற எடை) பேப்பர்? ஏ4 தாளை நடுவே வெட்டினால் பக்க ஒழுங்கு குழம்பாமல் இருக்க என்ன வழி? கன்வாவில் மாதப் பக்கத்தைத் தொடங்கிவிட்டேன்.

ஒற்றைக்கணக்கு:
மாதப் பக்கத்தை இப்போதைக்கு நிறுத்தி வையுங்கோ. துளை எங்கே வரும் என்று தீர்மானிக்காமல் கட்டம் போட்டால் பிறகு எல்லாவற்றையும் நகர்த்த வேண்டி வரும். பிளானரை முதுகிலிருந்துதான் தொடங்க வேணும்.

துளைகளின் அளவு இதுதான். சாதாரண பைல் பஞ்சில் இரண்டு துளை, நடுவுக்கு நடு 80 மிமீ, ஒவ்வொன்றும் 6 மிமீ அகலம், ஓரத்திலிருந்து 12 மிமீ. ஃபைலோஃபாக்ஸ் வகை ஏ5 கவரில் ஆறு ரிங். இடைவெளி 19, 19, 70, 19, 19 மிமீ, கூட்டினால் 146. ஏ5 உயரம் 210 என்பதால் மேலும் கீழும் 32 மிமீ மிஞ்சும். ஆறு துளைகளும் ஓரத்துக்கு இன்னும் கிட்ட விழும். ஆகவே உள்ளோரம் 18 மிமீ விட்டால் இரண்டு முறைக்கும் போதும், பின்னாளில் கவரை மாற்றினாலும் எழுத்தில் துளை விழாது.

அகலம் 148. உள்ளே 18, வெளியே 5 போக 125 மிமீ. 5 மிமீ கட்டமானால் சரியாக 25. உயரத்தில் மேலே 8, கீழே 7 விட்டால் 195, அதாவது 39 கட்டம். மூன்று கட்டத்தைத் தலைப்புக்குக் கொடுத்தால் மிச்சம் 36. கிழமைப் பக்கத்தை மூன்றாகப் பிரித்தால் ஒரு பெட்டி 60 மிமீ. இடப்பக்கம் திங்கள், செவ்வாய், புதன். வலப்பக்கம் வியாழன், வெள்ளி, கடைசிப் பெட்டியை நெடுக்காகப் பிளந்து சனி, ஞாயிறு.

தமிழில் எழுதுபவருக்கு 5 மிமீ வரி காணாது. மேலே கீ, தீ சுழியும் கீழே கு, மு வாலும் ஒன்றோடொன்று முட்டும். 60 மிமீ பெட்டியை 6 மிமீ வீதம் பிரித்தால் பத்து வரி வரும், எழுத வசதியாக இருக்கும். கட்டம் வேண்டுமானால் குறிப்புப் பக்கத்தில் மட்டும் போடுங்கோ.

மாதப் பக்கம்: இடப்பக்கம் நான்கு நாள், வலப்பக்கம் மூன்று நாளும் ஒரு குறிப்பு நிரலும். ஒரு நிரல் ஆறு கட்டம், 30 மிமீ. ஆறு வரிசை போட்டால் உயரமும் 30 மிமீ. எல்லா மாதத்துக்கும் ஆறு வரிசையே வையுங்கோ. திங்களில் தொடங்கும் அமைப்பில் 2027 மே, ஓகஸ்ட் இரண்டுக்கும் ஆறு வரிசை வேணும். பெப்ரவரி 1 திங்கள், 28 நாள், நாலே வரிசையில் முடியும். மாதத்துக்கு மாதம் வரிசை உயரத்தை மாற்றினால் இரண்டு பக்கமும் பொருந்தாமல் போகும்.

வாரத்தாள்:
52 கிழமை × 2 = 104, மாதம் 24, ஆக 128 பக்கம் என்று கணக்குப் போட்டேன். சரிதானே?

ஒற்றைக்கணக்கு:
53 கிழமை. 365 நாள் என்பது 52 கிழமையும் ஒரு நாளும், ஆகவே எந்த வருசமும் குறைந்தது 53 கிழமையைத் தொடும். 2027 ஜனவரி 1 வெள்ளிக்கிழமை. உங்கள் முதல் கிழமை 28.12.2026 திங்கள், கடைசிக் கிழமை 27.12.2027 திங்கள். 52 மட்டும் அடித்தால் டிசம்பர் கடைசியில்தான் குறை தெரியும்.

பக்க வரிசை: 1 முகப்பு. 2–3 முழு வருசம். 4–27 மாதங்கள். 28–133 கிழமைகள். 134–136 குறிப்பு. மொத்தம் 136. ஒரு ஏ4 தாளில் நான்கு ஏ5 பக்கம், ஆக 34 தாள். வெட்டினால் 68 ஒற்றை (முன்னும் பின்னுமாக இரண்டு பக்கம் உள்ள ஏ5 தாள்).

விரித்த நிலையில் இடப்பக்கம் எப்போதும் இரட்டை எண்ணாக இருக்க வேணும். மேலே 2, 4, 28 என்று தொடங்குவது அதற்காகத்தான். நடுவில் ஒரு தனிப் பக்கம் சேர்த்தாலும் அதற்குப் பிறகு வரும் திங்கள்–புதன் ஒரு ஒற்றையின் முன்பக்கமும் வியாழன்–ஞாயிறு அதே ஒற்றையின் பின்பக்கமுமாகிவிடும். சேர்ப்பதென்றால் இரண்டு பக்கமாகச் சேருங்கோ.

மாதத்தையும் அந்தந்த மாதக் கிழமைகளையும் அடுத்தடுத்து வைக்க விரும்புபவர்கள் அதை அச்சுக்கு முன்பே முடிவெடுக்க வேணும். ரிங் என்றபடியால் பிறகு மாற்றலாம் என்று நினைக்க வேண்டாம். விரிந்த ஒரு சோடிப் பக்கம் இரண்டு ஒற்றைகளில் பாதி பாதியாக இருக்கிறது, ஒரு ஒற்றையைத் தூக்கினால் இரண்டு சோடி உடையும்.

கத்தியும்அடிமட்டமும்:
வெட்டி அடுக்கும் ஒழுங்கைச் சொல்கிறேன். ஏ4 தாள் படுக்கையாக. முதல் தாளின் முன்புறம் இடது 1, வலது 69. பின்புறம் இடது 70, வலது 2. இரண்டாம் தாள் முன்புறம் 3 | 71, பின்புறம் 72 | 4. இப்படியே 34ஆம் தாளில் 67 | 135, பின்னால் 136 | 68. ஒரே வெட்டு. இடது கட்டை மேலே, வலது கட்டை கீழே வைத்தால் 1 முதல் 136 வரை நேராக வரும். இரட்டைப் பக்க அச்சில் 'ஷோர்ட் எட்ஜ்' தெரிவு. 'லோங் எட்ஜ்' கொடுத்தால் பின்பக்கம் தலைகீழாக வரும், கடையில் நடக்கும் பிழைகளில் முக்கால்வாசி இதுதான்.

இதைவிட நல்ல முறை ஒன்று இருக்கிறது. வலது பாதியில் உள்ள பக்கங்களை (69, 71, 73…) 180 பாகை திருப்பி வையுங்கள். அவற்றின் பின்பக்கங்களையும் (70, 72…) அதேபோலத் திருப்ப வேண்டும். அப்போது துளை விழும் ஓரம் இரு பாதியிலும் ஆலையில் வெட்டிய நேர் ஓரமாக அமையும், நாம் வெட்டுவது எப்போதும் வெளியோரம் மட்டும். திருப்பாவிட்டால் வலது கட்டின் துளை ஓரம் நாம் வெட்டிய ஓரம். வெட்டு 1 மிமீ சரிந்தாலும் பஞ்சில் தாளை முட்டவைக்கும்போது அந்த 34 ஒற்றையும் சரிந்தே துளைபடும், கோர்த்த பிறகு பாதிப் புத்தகம் ஒரு பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கும். வெளியோரம் சரிந்தால் கண்ணுக்கே தெரியாது. வெட்டிய பின் வலது கட்டை அரைச் சுற்றுத் திருப்பி இடது கட்டின் கீழே வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

திருப்புவதில் இன்னொரு நன்மை. மாத அடையாளத்துக்கு ஓரத்தில் கறுப்புப் பட்டை அடிக்கலாம். வீட்டுப் பிரிண்டர் தாளின் விளிம்பு வரை அடிக்காது, ஆனால் தாளின் நடுவில் அடிக்கும். எல்லா வெளியோரமும் நடுக்கோட்டில் வருவதால் 136 பக்கத்திலும் பட்டை விளிம்பைத் தொடும். ஒரு மாதத்துக்கு 15 மிமீ உயரம், 12 மாதம் 180 மிமீ, மேலே 15 விட்டுத் தொடங்குங்கள். அகலம் 5 மிமீ, நடுக்கோட்டில் நிறுத்துங்கள், தாண்டினால் பக்கத்துப் பாதியில் கறை விழும்.

வெட்டுவதற்கு: மேல் தாளில் மட்டும் 148.5 மிமீயில் ஒரு மெல்லிய குறி. ஏ5 பெயரளவில் 148, அந்த அரை மில்லிமீற்றரைச் செதுக்கப் போகாதீர்கள். பைண்டிங் கடையில் கில்லட்டின் (தாள்களைக் கட்டாக வெட்டும் யந்திரம்) இருந்தால் 34 தாளும் ஒரே அழுத்தில் போகும். கையால் என்றால் உருக்கு அடிமட்டம், புது அலகு, ஒரு தடவைக்கு எட்டுத் தாள். அதற்கு மேல் போனால் அலகு உள்நோக்கிச் சாய்ந்து கீழ்த்தாள்கள் அகலமாகிவிடும். அழுத்தி ஒரே இழுவையில் வெட்ட முயலாமல் மெதுவாக நான்கைந்து தடவை இழுங்கள். வெட்டிய கட்டுகளின் பக்கவாட்டில் பென்சிலால் ஒரு சாய்கோடு போட்டு வையுங்கள். கட்டு கை தவறி விழுந்தாலும் கோடு நேராகும்வரை அடுக்கினால் ஒழுங்கு திரும்பிவிடும்.

நீலமை:
பேப்பர் பற்றி. 80 ஜிஎஸ்எம் ஒற்றை ஏறக்குறைய 0.1 மிமீ, 100 ஜிஎஸ்எம் 0.12 மிமீ. 68 ஒற்றைக்கு முறையே 7 மிமீ, 8 மிமீ. 20 மிமீ ரிங்கில் இரண்டும் தாராளமாகக் கொள்ளும், குறிப்புத் தாள் சேர்க்கவும் இடமிருக்கும். போல்பொயின்ற் பேனை மட்டும் பாவிப்பவருக்கு 80 போதும். ஜெல் பேனை, ஊற்றுப்பேனை என்றால் 100க்குக் குறையக் கூடாது, 80இல் மை நார் வழியே ஓடிப் பின்பக்கத்துக்கு வந்துவிடும். 120க்கு மேல் போனால் பிளானர் மரக்கட்டை போலாகிவிடும், பக்கம் தட்டையாக விழாது. புறக்கோட்டை மலிபன் வீதிப் பக்கக் கடைகளில் 100 ஜிஎஸ்எம் ரீமாக எடுக்கலாம். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்க, உள்ளே மேகம் மேகமாகத் தெரிந்தால் மை அங்கங்கே வேறுவேறாக ஊறும்.

கொழும்புக் காற்றின் ஈரம் பெரிய பிரச்சினை. ரீமின் உறையைப் பிரித்து இரண்டு நாள் மேசையில் வைத்தால் ஓரங்கள் ஈரம் குடித்து அலை அலையாகும், பிரிண்டர் இரண்டு தாளைச் சேர்த்து இழுக்கும். அச்சடிக்கும் நேரம் மட்டும் பிரிங்க, மிச்சத்தைப் பொலித்தீனில் சுற்றிப் படுக்கையாக வையுங்க.

இங்க் டாங்க் பிரிண்டர் பற்றி ஒரு எச்சரிக்கை. பல மொடல்களில் கறுப்பு மை பிக்மென்ட் (எளிதில் கரையாதது), நிற மை டை (ஈரம் பட்டால் கரைவது). நரைக் கோடு போட்டால் பிரிண்டர் அதை மூன்று நிற மையைக் கலந்து அடிக்கும். அதன்மேல் ஹைலைட்டர் போட்டால் கோடு கரைந்து இழுபடும். செட்டிங்கில் 'கிரேஸ்கேல்', 'பிளாக் இங்க் ஒன்லி' இருந்தால் அதைத் தெரிவு செய்யுங்க. லேசரில் வேறு சிக்கல். மிக வெளிறிய நரையில் மெல்லிய கோடு போட்டால் அது புள்ளி புள்ளியாக உடையும், ஏனென்றால் லேசருக்கு நரை மை கிடையாது, கறுப்புப் புள்ளிகளால்தான் நரையைக் காட்டுகிறது. கோட்டின் தடிப்பு அரைப் பொயின்ற், நரை 50 வீதம் என்றால் இரண்டு பிரிண்டரிலும் ஒழுங்காக வரும்.

கட்டெழுத்து:
கன்வாவில் 136 பக்கத்துக்கும் திகதி கையால் போடுவது வீண் உழைப்பு. லிப்ரேஒபிஸ் கல்க்கில் ஒரு நிரலில் 28.12.2026 போட்டு அடுத்த கலத்துக்கு 7 கூட்டி 53 வரிசை இழுங்கள். பக்கத்து நிரல்களில் 1, 2, 3 என்று கூட்டினால் ஏழு நாளும் வரும். பிறகு ரைட்டரில் மெயில் மேர்ஜ் (பட்டியலில் உள்ளதைப் பக்கங்களில் தானாக நிரப்பும் வசதி) செய்தால் 53 கிழமையும் ஒரே தடவையில் நிரம்பும். மாதப் பெயரை மென்பொருளின் தமிழ் வடிவத்திடம் விட்டால் 'ஆகஸ்ட்', 'அக்டோபர்' என்று வரும். நமக்கு ஓகஸ்ட், ஒக்டோபர் வேண்டுமானால் 12 பெயரையும் ஒரு சிறு பட்டியலாகத் தட்டி, மாத எண்ணை வைத்து அதிலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். நாள் சுருக்கத்துக்கு ஒரெழுத்துக் காணாது. வி, வெ இரண்டும் சிறு எழுத்தில் ஒன்றுபோலத் தெரியும். வியா, வெள் என்று போடுங்கள்.

எழுத்துரு: யூனிகோட் மட்டும். யூனிகோட் அல்லாத பழைய பாமினி எழுத்துருவில் தட்டினால் அந்த எழுத்துரு இல்லாத கணினியில் முழுவதும் ஆங்கில எழுத்துக் குழம்பாகத் தெரியும், திகதிப் பட்டியலோடும் சேராது. நோட்டோ சான்ஸ் தமிழ் இலவசம், சிறு அளவிலும் தெளிவு. ஸ்கிரைபஸ் (பக்க வடிவமைப்பு மென்பொருள்) பாவிப்பவர்கள் 1.6 எடுங்கள், பழைய 1.4இல் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து நிற்கும். பீடிஎஃப் ஆக்கியதும் 'கொழும்பு, பௌர்ணமி, ஸ்ரீ, ஞாயிறு' நான்கையும் தேடிப் பாருங்கள். நான்கும் உடையாமல் இருந்தால் மிச்சமும் பெரும்பாலும் சரி. கடைக்கு எப்போதும் பீடிஎஃப், அதுவும் எழுத்துரு உள்ளே பதிக்கப்பட்டது. வேர்ட் கோப்பாகக் கொடுத்தால் அங்குள்ள கணினி எழுத்துருவை மாற்றி வரிகளை அடுத்த பக்கத்துக்குத் தள்ளிவிடும்.

வாரத்தாள்:
ஒரு சோதனைத் தாள் அடித்தேன். 100 மிமீ கோடு போட்டிருந்தேன், அளந்தால் 96 மிமீதான். கட்டமும் சுருங்கிவிட்டது.

கத்தியும்அடிமட்டமும்:
'ஃபிட் டு பேஜ்' வேலை. பிரிண்டர் தன்னால் அடிக்க முடியாத ஓரத்தை விட்டு மிச்ச இடத்துக்குள் முழுப் பக்கத்தையும் சுருக்கியிருக்கிறது. 'அக்சுவல் சைஸ்' அல்லது 100 வீதம் கொடுங்கள். தாள் அளவு லெட்டர் என்று கிடந்தாலும் இது நடக்கும், ஏ4 என்று மாற்றுங்கள். கடையில் இதை வாயால் சொல்வதோடு விடாமல் முதல் இரண்டு தாளை மட்டும் அடிக்கச் சொல்லி, அடிமட்டத்தால் அளந்து, பின்பக்கம் நேராக இருக்கிறதா, 1இன் பின்னால் 2 இருக்கிறதா என்று பார்த்த பிறகே மிச்சத்தை விடுங்கள்.

வீட்டுப் பிரிண்டரில் இரண்டாம் பக்கம்: ஒரு வெற்றுத் தாளில் மேலே அம்புக்குறி போட்டு உள்ளே விட்டு, எந்தப் பக்கம் எந்தத் திசையில் வருகிறது என்று முதலில் கண்டுபிடியுங்கள். பிறகு முன்பக்கங்கள் 34ஐயும் அடித்து, மை காய அரைமணி நேரம் விட்டு, கட்டை நன்றாக விசிறி, பத்துப் பத்துத் தாளாகப் பின்பக்கம் அடியுங்கள். மொத்தமாக விட்டு நடுவில் ஒரு தாள் இரட்டையாக இழுபட்டால் அதற்குப் பிறகு எல்லாம் ஒரு தாள் தள்ளிப் போகும். முன்பக்கமும் பின்பக்கமும் 1–2 மிமீ விலகுவது சகஜம், அதனால் பக்கத்தைச் சுற்றிச் சட்டம் போட வேண்டாம்.

பூரணை:
விடுமுறை நாட்களைப் பற்றி யாரும் சொல்லவில்லை. வர்த்தமானியில் வரும் பட்டியலைப் பார்த்தே போடுங்கோ, பழைய வருசத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டாம். போயா பன்னிரண்டுக்கும் பெயர் நிலையானது: துருத்து, நவம், மெதின், பக், வெசாக், பொசொன், எசல, நிகினி, பினர, வப், இல், உந்துவப். ஒரு வருசத்தில் பதின்மூன்று பூரணை வந்தால் 'அதி' என்ற முன்னொட்டோடு ஒன்று கூடும். திகதிதான் மாறும்.

பொது, வங்கி, வர்த்தக விடுமுறை மூன்றும் ஒன்றல்ல. கந்தோர் வேலைக்கும் வங்கி வேலைக்கும் பிளானர் பாவிப்பவருக்கு இந்த வேறுபாடு முக்கியம். திகதிக்குப் பக்கத்தில் பொ, வ, வர் என்று சிறு எழுத்தாகப் போடலாம். நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், மீலாத் மூன்றையும் அச்சில் போடாமல் அந்த வாரத்தில் வெற்றுப் புள்ளிப் பெட்டி ஒன்று விடுங்கோ, பிறை பார்த்த பின் பேனையால் நிரப்பலாம். விரத நாள் போடுவதென்றால் வாக்கியப் பஞ்சாங்கமா திருக்கணிதப் பஞ்சாங்கமா என்பதை முகப்பில் எழுதுங்கோ, சில திதிகள் இரண்டிலும் ஒரு நாள் வித்தியாசப்படும். ராகுகாலம் கிழமைநாளோடு ஒட்டியது. சூரிய உதயம் 6 மணி என்று வைத்துத் திங்கள் 7.30–9.00, செவ்வாய் 3.00–4.30 என்று வழக்கத்தில் உள்ளதை ஒரு தடவை அச்சில் போட்டால் 53 கிழமைக்கும் அதுவே.

வாரத்தாள்:
வயர் போட்டால் பக்கம் பின்னுக்கு மடியும், மேசையில் இடம் குறையும். ரிங்கைவிட அது நல்லதில்லையா?

கத்தியும்அடிமட்டமும்:
எழுத வசதி வயர்தான், அதை ஒத்துக்கொள்கிறேன். மெல்லிய வயரில் அங்குலத்துக்கு மூன்று துளை, ஏ5 நெடும்பக்கத்துக்கு 24. உங்கள் 8 மிமீ கட்டும் இரண்டு மட்டையும் சேர்ந்தால் 12.7 மிமீ வயர் எடுக்க வேண்டும். இறுக்கமாக எடுத்தால் முதல் மாதத்திலேயே முகப்பு ஒற்றை கிழியும். ஆனால் ஒருமுறை நசுக்கிய வயரைத் திறந்து மூட முடியாது. விடுமுறை மாறினாலும் ஒரு பக்கத்தில் மை கொட்டினாலும் அப்படியே கிடக்கும். முதல் தடவை செய்பவருக்கு ரிங்கைத்தான் சொல்வேன்.

ஒற்றைக்கணக்கு:
மூன்றாவது வழியும் உண்டு, பையில் கொண்டு திரிபவர்களுக்கு. காலாண்டுக்கு ஒரு மெல்லிய கொப்பி. 13 கிழமை 26 பக்கம், மூன்று மாதம் 6 பக்கம், முகப்பும் மூன்று குறிப்புப் பக்கமும் சேர்த்து 36. ஒன்பது ஏ4 தாளை நடுவே மடித்து இரண்டு ஸ்டேப்ளர் ஊசி. 53ஆவது கிழமையை முதல் கொப்பியில் சேர்த்தாலும் அதே 36க்குள் அடங்கும், குறிப்புப் பக்கம் ஒன்றுதான் மிஞ்சும். இதற்குப் பக்க ஒழுங்கு வேறு: வெளித்தாள் 36 | 1, பின்னால் 2 | 35. மடித்தால் உள்தாள்கள் ஏறக்குறைய 1 மிமீ வெளியே நீட்டும், ஆகவே வெளியோர 5 மிமீயைக் குறைக்க வேண்டாம். சாதாரண ஸ்டேப்ளர் நடுவரைக்கும் எட்டாது, நீளக்கை ஸ்டேப்ளர் பைண்டிங் கடையில் இருக்கும்.

நீலமை:
மட்டைக்கு ஒரு சொல். பிரிஸ்டல் போர்ட்டை ஒரு பக்கம் மட்டும் லமினேற் செய்தால் மறுபக்கம் ஈரம் குடித்து விரியும், பிளாஸ்டிக் பக்கம் விரியாது, மட்டை வில்லாக வளையும். இரண்டு பக்கமும் செய்யுங்க.

வாரத்தாள்:
ரிங்கே போடுகிறேன். ஆறு துளைப் பஞ்ச் இல்லை, இரண்டு துளை பைலில் தொடங்கலாமா? ஒரு ஒற்றை பழுதானால் என்ன செய்வது?

ஒற்றைக்கணக்கு:
தொடங்கலாம், 18 மிமீ விட்டது அதற்கும்தான். பஞ்சின் அளவுச் சட்டத்தை ஏ5இல் வைத்து, ஒரு தடவைக்கு ஆறு ஒற்றைக்கு மேல் வைக்காமல் குத்துங்கோ. இரண்டு துளையில் எல்லாப் பாரமும் இரண்டு இடத்தில் விழுவதால் முதல் ஐந்து, கடைசி ஐந்து ஒற்றைகளுக்குத் துளை வளைய ஸ்டிக்கர் ஒட்டுங்கோ. எல்லாவற்றுக்கும் ஒட்டினால் அந்தப் பக்கம் மட்டும் தடித்துப் பைல் மூடாது.

பழுதான ஒற்றைக்கு: 68க்கு உட்பட்ட ஒற்றைப்படை எண் என்றால் ஒன்று கூட்டி இரண்டால் வகுத்தால் தாள் எண் வரும். பக்கம் 45 கெட்டால் 23ஆம் தாள். அதன் மற்றப் பாதியில் இருப்பது 113–114. முழுத் தாளையும் அடித்து வெட்டி, 45–46ஐ மாற்றி, 113–114ஐ பைலின் பின்னுறையில் வையுங்கோ, அந்தக் கிழமை வரும்போது தேவைப்பட்டால் எடுக்கலாம். பக்கம் 68ஐத் தாண்டினால் முதலில் 68ஐக் கழித்துவிட்டு அதே கணக்கு.